மினிடிஸ்க்கை ஏன் இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்?

மினிடிஸ்க் என்பது பாட்டைப் பதிந்து கேட்கச் சோனி கொண்டுவந்த ஒரு சின்னத் தட்டு. 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் வெற்று மினிடிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. பதிவு செய்யக்கூடிய புளூ-ரே தட்டு, வீடியோ கேமராவுக்கான மினிடிவி (MiniDV) கேசட் ஆகியவற்றோடு சேர்த்து ஜனவரியில் வந்த சின்ன அறிவிப்பு ஒன்றில் இதுவும் இருந்தது. செய்தியைப் படித்த பலருக்கு வந்த ஆச்சரியமே வேறு: இது இன்னமுமா தயாரிப்பில் இருந்தது? மினிடிஸ்க் வாக்மேன் 2011-லேயே நின்றுவிட்டது. வீட்டில் வைத்துக் கேட்கும் கடைசிக் கருவிகளும் 2013 மார்ச்சோடு முடிந்தன. கருவியை நிறுத்திப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை சோனி தட்டை மட்டும் செய்துகொண்டிருந்தது என்றால், வாங்க ஆள் இருந்திருக்கிறது.

இதைப் பழைய ஞாபகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். வினைலுக்கும் கேசட்டுக்கும் அந்தக் காரணம் ஓரளவு பொருந்தும். மினிடிஸ்க் விஷயத்தில் அது போதாது. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலானவர்கள் இளவயதில் அதைக் கையில் தொட்டதே இல்லை. இன்று தேடித் தேடி வாங்குகிறவர்களில் அது கடையில் விற்ற காலத்தில் பள்ளிக்கூடம் கூடப் போகாதவர்கள் இருக்கிறார்கள். தொலைத்த ஒன்றுக்காக ஏங்குவதைவிட, முழுசாகக் கைக்கு வராமலே போன ஒன்றை எப்படியாவது முழுசாக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் இந்தப் பிரியத்தின் வேர் என்று நான் நினைக்கிறேன். அது ஏன் என்று புரிய அந்தப் பொருளைப் பற்றியும், அதற்குப் போடப்பட்ட பூட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் நாம் கேசட்டிலிருந்து சிடிக்கும் அங்கிருந்து எம்பி3-க்கும் தாவிவிட்டவர்கள். நடுவில் இப்படி ஒன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது.

பெட்டிக்குள் ஒரு தட்டு

64 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னத் தட்டு. அது எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியின் அளவு 72-க்கு 68 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். சட்டைப் பையில் இரண்டு மூன்று வைக்கலாம். ஃபிளாப்பி போட்டுப் பழகியவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். ஓரத்தில் ஒரு தகடு நகரும். கருவிக்குள் போனதும் அது ஒதுங்கி, உள்ளே இருக்கும் தட்டு வெளிப்படும். விரல் படாது, தூசி சேராது, பையில் எப்படிப் போட்டாலும் கீறல் விழாது. மூலையில் ஒரு சின்னக் குமிழைத் தள்ளி வைத்துவிட்டால் உள்ளே இருப்பது தவறிப்போய் அழியாது.

அந்தத் தகட்டை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பாட்டோடு கடையில் விற்ற தட்டுகளில் தகடு கீழ்ப்பக்கம் மட்டும் திறக்கும். மேல்பக்கம் முழுக்க ஆல்பத்தின் படம். வெற்றுத் தட்டிலோ இரண்டு பக்கமும் திறக்கும். முதல் வகை, சிடியைப் போலவே குழிகள் பொறித்த தட்டு. அதைப் படிக்கக் கீழேயிருந்து ஒரு லேசர் போதும். இரண்டாவது வகையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே லேசரும் மேலே ஒரு காந்தத் தலையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

அந்த வேலை அழகானது. வெற்றுத் தட்டில் டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அதன் காந்தத் திசையை மாற்றுவது மிகவும் கடினம். லேசர் ஒரு நுண்புள்ளியை ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியதும் அந்த இடம் மட்டும் தன் காந்தத்தை இழக்கும். இயற்பியலாளர் பியர் கியூரியின் பெயரால் வழங்கும் வெப்பநிலை அது. அதே கணத்தில் மேலே இருக்கும் காந்தத் தலை, எழுத வேண்டியது 0 என்றால் ஒரு திசையிலும் 1 என்றால் எதிர்த் திசையிலும் தன் புலத்தைத் திருப்பும். தட்டு சுழன்று நகர்ந்ததும் புள்ளி ஆறிவிடும். கடைசியாக இருந்த திசை அப்படியே தங்கிவிடும். படிக்கும்போது லேசரின் சக்தியைக் குறைத்துக்கொள்கிறார்கள். பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவுத் தளம், அதாவது ஒளியலை அதிரும் தளம், காந்தத் திசைக்கேற்ப மிகச் சிறிய கோணம் விலகியிருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கெர் 1870-களில் கண்டறிந்த விளைவு இது. அந்த விலகலைப் பார்த்துத்தான் கருவி 0 எது 1 எது என்று பிரிக்கிறது.

இதனால் வீட்டில் இருக்கும் எந்தக் காந்தமும் தட்டை ஒன்றும் செய்ய முடியாது. பழையதைத் தனியாக அழிக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகலாம். ஒரே தட்டில் பத்து லட்சம் முறை திரும்ப எழுதலாம் என்று சோனி சொன்னது. அதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு முந்தைய தட்டுகள் இன்றும் சிரமமில்லாமல் பாடுகின்றன, புதிதாக எழுதவும் இடம் கொடுக்கின்றன.

இவ்வளவு சின்னத் தட்டில் 74 நிமிடப் பாட்டை அடைக்க ஒலியைச் சுருக்கியாக வேண்டும். சிடியில் ஒரு விநாடிக்கு 14 லட்சம் பிட்கள் ஓடுகின்றன. மினிடிஸ்க்கில் 2,92,000, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அட்ராக் என்று சோனி பெயரிட்ட அந்த முறை, பெரிய ஒலியின் பக்கத்தில் ஒலிக்கும் சன்னமான ஒலியை நம் காது கவனிக்காது என்ற உண்மையை வைத்து வேலை செய்கிறது. கேட்காததை எழுதாமல் விட்டுவிடும். எம்பி3-ம் இதே தத்துவம்தான், ஆனால் எம்பி3 என்ற பெயரே பொதுமக்கள் காதில் விழாத 1992-ல் சோனி இதைக் கைக்கு அடக்கமான கருவியில் செய்து விற்றது. முதல் கருவிகளின் ஒலி சிடிக்கு ஈடாகவில்லை என்று அன்று எழுந்த விமர்சனம் நியாயமானது. தட்டின் வடிவத்தை மாற்றாமலேயே, ஒலியைச் சுருக்கும் சில்லுகளைத் தலைமுறைக்குத் தலைமுறை மேம்படுத்தினார்கள். 90-களின் பிற்பகுதிக் கருவியில் பதிந்த பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டு எது சிடி என்று சொல்வது எனக்கு முடியாத காரியம்.

எடுத்ததும் வைத்ததும்

ஆனால் மினிடிஸ்க் ரசிகர்களிடம் கேட்டால் ஒலியைப் பற்றி முதலில் பேசமாட்டார்கள். வெட்டுவது, ஒட்டுவது, இடம் மாற்றுவது, பெயர் வைப்பது, இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒவ்வொரு வெற்றுத் தட்டின் உள் ஓரத்திலும் ஒரு பட்டியல் இருக்கிறது; டிஓசி என்பார்கள். எந்தப் பாட்டு தட்டின் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது, எந்த வரிசையில் வர வேண்டும், அதன் பெயர் என்ன என்பதெல்லாம் அதில்தான். மூன்றாவது பாட்டை முதலாவதாக மாற்றினால் ஒலி இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டியலில் மட்டும் வரி மாறும். நூலகத்தில் அலமாரியைத் தொடாமல் அட்டைப் பெட்டியில் அட்டையை மட்டும் மாற்றி வைப்பது போல. ஒரு பாட்டை அழித்தால் அந்த இடம் காலி என்று பட்டியலில் குறிக்கப்படும். அடுத்து பதியும் நீளமான பாட்டு, இங்கே ஒரு துண்டு அங்கே ஒரு துண்டு என்று கிடைத்த காலியிடங்களில் எல்லாம் போய் உட்காரும். கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

அது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் கருவிக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகம். தட்டிலிருந்து விநாடிக்கு 14 லட்சம் பிட் வேகத்தில் படித்து அதில் நிரப்பிக்கொள்கிறது. பாட்டுக்குத் தேவையோ விநாடிக்குச் சுமார் 3 லட்சம் பிட்தான். ஆகவே எப்போதும் பத்து விநாடிப் பாட்டு கையிருப்பில் இருக்கும். அந்தப் பத்து விநாடிக்குள் லேசர் அடுத்த துண்டைத் தேடிப் போய் வந்துவிடும். பேருந்து குழியில் இறங்கி லேசர் தடம் மாறினாலும் திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடித்துவிடும். கையில் பிடித்து நடந்தாலே தடுக்கிய சிடி பிளேயர்கள் இருந்த காலத்தில் இது மிகப் பெரிய விஷயம். பிற்காலக் கருவிகளில் கையிருப்பு 40 விநாடி வரை போனது. நினைவகம் நிரம்பியதும் தட்டு சுழல்வதையே நிறுத்திக்கொள்ளும், அதனால் பேட்டரியும் மிச்சம்.

என்னிடம் இருப்பது 90-களின் கடைசியில் வந்த ஒரு சோனி ரெக்கார்டர், ஜப்பானிலிருந்து பழையதாக வந்து சேர்ந்தது. அதில் ஒரு பாட்டைப் பதிந்து முடித்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், திரையில் டிஓசி எடிட் என்ற எழுத்துகள் விட்டுவிட்டு மின்னும். உள்ளே லேசர் தட்டின் ஓரத்துக்கு ஓடிப்போய்ப் பட்டியலைத் திருத்தி எழுதும் சத்தம் மெல்லிய கரகரப்பாகக் கேட்கும். அந்தச் சில விநாடிகள் மூடி பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கருவி அதிர்ந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ, பதிந்த ஒலி முழுவதும் தட்டில் இருந்தும் பட்டியலில் ஏறாமல் போய்விடும். பிறகு சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுத்துப் பாட்டுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஒரு தட்டில் 255 தடங்கள், எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,700 எழுத்துகள். அதற்கு மேல் கிடையாது. கைதட்டலை வெட்டித் தனித் தடமாக்கி அழிப்பது, இரண்டு பாட்டுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை நீக்குவது, எல்லாமே உள்ளங்கையில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே நடக்கும், கம்ப்யூட்டர் தேவையில்லை.

ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட் வாங்கியவர்களுக்கு இந்த உழைப்பின் சுகம் சொல்லாமலே புரியும். எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று யோசித்த தட்டு, செயலி தானாகத் தள்ளிவிடும் வரிசையிலிருந்து வேறுபட்டது. கேசட்டில் ஒருமுறை முடிவு செய்ததை மாற்ற முடியாது. இதில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வழக்கமான தரத்தில் பதிந்தால், பெரிய தட்டில்கூட எண்பது நிமிடத்துக்கு மேல் இடமில்லை என்பதால் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஜப்பான் ஏன் வேறு

1992 நவம்பர் 1-ம் தேதி ஜப்பானில் முதல் ரெக்கார்டர் எம்இசட்-1 விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு பிலிப்ஸ், பழைய கேசட்டையும் பாடக்கூடிய டிஜிட்டல் காம்பாக்ட் கேசட்டைக் கொண்டுவந்தது. பத்தாண்டு முன் சேர்ந்து சிடியை உருவாக்கிய இரு நிறுவனங்களும் இந்த முறை எதிரெதிரே நின்றன. பிலிப்ஸின் வடிவம் 1996-ல் கடையைக் கட்டியது. மினிடிஸ்க் தாக்குப்பிடித்தது, முக்கியமாகத் தன் சொந்த ஊரில்.

அங்கே அது வேரூன்றியதற்கு சிடி வாடகைக் கடைகள் பெரிய காரணம். 1980-ல் டோக்கியோவின் மித்தாகா பகுதியில் ரெய்கோதோ என்ற கடை இசைத்தட்டுகளை வாடகைக்கு விடத் தொடங்கியது. மாணவர்கள் மொய்த்தார்கள், இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. கடைசியில் 1984-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, உரிமத் தொகை செலுத்தி வாடகைக்கு விடலாம் என்று ஆனது. அமெரிக்காவிலோ அதே 1984-ல் இசைத்தட்டு வாடகையைச் சட்டமே தடுத்தது. விலை அதிகமான சிடியை வாடகைக்கு எடுத்து, இரவோடு இரவாக மினிடிஸ்க்கில் பதிந்துகொண்டு, மறுநாள் திருப்பிக் கொடுப்பது ஜப்பானில் ஒரு தலைமுறையின் வழக்கம். வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவதற்கு ஈடாக, டிஜிட்டல் ரெக்கார்டர்களிலும் வெற்றுத் தட்டுகளிலும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து உரிமையாளர்களுக்குக் கொடுக்கும் முறையை அரசு 1993-ல் கொண்டுவந்தது. சட்டம் ஒத்துழைத்தது, பழக்கம் ஏற்கெனவே இருந்தது. வீட்டு ஸ்டீரியோ, கார் ஸ்டீரியோ எல்லாவற்றிலும் மினிடிஸ்க் துவாரம் வந்தது. ஷார்ப், பானசோனிக், கென்வுட், ஜேவிசி எல்லாரும் கருவி செய்தார்கள். பல நிறங்களில் ஊடுருவித் தெரியும் வெற்றுத் தட்டுகள் ஐந்து, பத்தாகக் கட்டி மூலைக் கடைகளில் விற்றன. அந்த நிறங்களுக்காகவே இன்றும் சேகரிக்கிறவர்கள் உண்டு.

மற்ற நாடுகளில் இந்தச் சூழல் அமையவில்லை. அமெரிக்காவில் முதல் ரெக்கார்டரின் விலை 750 டாலர். பாட்டோடு வந்த தட்டுகளை வாங்க ஆளில்லை, ஏற்கெனவே சிடி வைத்திருப்பவர் ஏன் வாங்குவார்? வெற்று சிடியின் விலை 90-களின் இறுதியில் சரிந்ததும், பதிந்துகொள்ளலாம் என்ற ஒரே வசதியும் கைநழுவியது. தொழில்முறைக்காரர்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். வானொலிச் செய்தியாளர்கள் பேட்டி எடுத்த இடத்திலேயே வெட்டி ஒட்டி நிலையத்துக்கு அனுப்பினார்கள். நாடக அரங்கில், ஒரு தடம் முடிந்ததும் தானே நின்று அடுத்த பொத்தானுக்காகக் காத்திருக்கும் வசதிக்காக டாஸ்காம், டெனான் கருவிகள் நெடுங்காலம் இருந்தன. இசைக் கலைஞர்களுக்கு அது குறிப்பேடு. 2019-ல் ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் தாம் யார்க் 90-களில் பதிந்துவைத்த மினிடிஸ்க் ஒலிப்பதிவுகள் திருடுபோய், பணம் கேட்டு மிரட்டல் வந்தது. குழுவினர் பணிந்து போகாமல் ஏறக்குறைய 18 மணி நேர ஒலியையும் தாங்களே வெளியிட்டு, வருமானத்தைச் சூழலியல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். ஒத்திகை, பாதிப் பாட்டு, முனகல் என்று ஒரு ஆல்பம் உருவான விதம் முழுவதும் அந்தத் தட்டுகளில் இருந்தது.

பூட்டும் சாவியும்

இவ்வளவு நல்ல பொருள் ஏன் வீணாயிற்று? ஐபாட் வந்தது, அதனால் போயிற்று என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சோனியின் மேலேயே வைப்பேன்.

1988 தொடக்கத்தில் 200 கோடி டாலருக்கு சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கியதிலிருந்து சோனி பாட்டு விற்கும் நிறுவனமும் ஆனது. பதியும் கருவி செய்கிறவரும் பதிந்துவிடுவார்களே என்று பயப்படுகிறவரும் ஒரே கூரையின் கீழ். 1987-ல் வந்த டிஏடி என்ற டிஜிட்டல் நாடாவை இசை நிறுவனங்கள் எதிர்த்துப் போராடியதன் விளைவாக, நகலின் நகலை டிஜிட்டலாக எடுக்கவிடாத ஒரு தடுப்பு உருவானது. மினிடிஸ்க் பிறக்கும்போதே அந்தத் தடுப்போடு பிறந்தது. நீங்களே மைக் வைத்துப் பதிந்த உங்கள் குழந்தையின் குரலைக்கூட, ஆப்டிகல் கம்பி வழியாக இன்னொரு தட்டுக்கு மாற்றி, அங்கிருந்து மூன்றாவது தட்டுக்கு மாற்றப் போனால் கருவி மறுத்துவிடும்.

2001-ல் நெட்எம்டி என்ற புதிய வகை மினிடிஸ்க் கருவி வந்தது. யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை அனுப்பலாம். அதே ஆண்டு அக்டோபரில் ஐபாட் அறிமுகமானது. ஒரு பக்கம் எம்பி3-ஐ இழுத்துப் போட்டால் பாடுகிற கருவி. இன்னொரு பக்கம் ஒவ்வொரு பாட்டையும் முதலில் அட்ராக் ஆக மாற்றி, எத்தனை தட்டுக்கு அனுப்பினோம் என்று கணக்கு வைத்து, மூன்றுக்கு மேல் போனால் தடுக்கும் சோனியின் மென்பொருள். அதைவிட மோசம், தட்டில் பதிந்ததைத் திரும்பக் கம்ப்யூட்டருக்கு எடுக்க வழியே இல்லை. யுஎஸ்பி கம்பி இருந்தது, ஒலி ஒரு திசையில் மட்டும் போனது. சொந்தப் பேட்டியை, சொந்தக் கச்சேரிப் பதிவை வெளியே எடுக்க ஹெட்ஃபோன் துவாரத்தில் கம்பி சொருகி, ஓடவிட்டுத் திரும்பப் பதிய வேண்டும். செய்தியாளர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் செய்த பெரிய துரோகம் என்றே இதைச் சொல்வேன்.

2004-ல் ஹை-எம்டி என்ற அடுத்த தலைமுறை மினிடிஸ்க் வந்தது. ஒரு தட்டில் ஒரு ஜிபி, சுருக்காத ஒலியையும் பதியலாம், பழைய தட்டையே மாற்றியமைத்தால் 305 எம்பி. கேட்டதெல்லாம் கிடைத்தது, ஆனால் நேரம் கடந்திருந்தது. பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குதராகி 2005 ஜனவரியில் டோக்கியோவில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களிடம் பேசியபோது, பாட்டு, பட உரிமைகளைப் பற்றிய கவலையால் சோனி வாய்ப்புகளைத் தவறவிட்டது, தானும் சக ஊழியர்களும் ஆண்டுக்கணக்கில் மனம் நொந்திருந்தோம் என்று ஒப்புக்கொண்டார். 2006-ல் வந்த எம்இசட்-ஆர்எச்1 சோனியின் கடைசிக் கையடக்க ரெக்கார்டர். பழைய தட்டுகளில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு நேராக எடுக்க சோனி அனுமதித்த ஒரே கையடக்கக் கருவி அதுதான். அதனால்தான் இன்று பழைய சந்தையில் அதற்கு அத்தனை விலை.

இங்கேதான் ரசிகர்களின் கதை தொடங்குகிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நெட்எம்டி கருவியும் கம்ப்யூட்டரும் கம்பியில் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை, எந்த ஆவணமும் இல்லாமல், ஒட்டுக்கேட்டே கண்டுபிடித்து லினக்ஸில் திறந்த மென்பொருள் எழுதினார்கள். அந்த அடித்தளத்தின் மேல், இப்போது எதையும் நிறுவாமல் இணைய உலாவியிலேயே ஓடும் வெப் மினிடிஸ்க் வந்துவிட்டது. கருவியைச் சொருகி, பாட்டுக் கோப்புகளை இழுத்து விட்டால் தட்டில் ஏறிவிடும். பெயர்களும் தானாக எழுதப்படும். சக்கரத்தை உருட்ட வேண்டியதில்லை, ஆசைப்பட்டால் உருட்டலாம். சோனி விதித்த மூன்று நகல் கணக்கு அதில் இல்லை.

அதோடு நிற்கவில்லை. கருவிக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும் மென்பொருளை வெளியே எடுத்துப் படித்து, அதில் இருந்த ஓட்டைகள் வழியாகத் தங்கள் சொந்த நிரலை நுழைத்து, சோனியின் பல நெட்எம்டி கையடக்கக் கருவிகளைப் பின்னோக்கிப் பேச வைத்தார்கள். தட்டில் எழுதப்பட்ட அட்ராக் தரவு, ஒரு பிட் குறையாமல், யுஎஸ்பி வழியாக வெளியே வருகிறது. இருபது ஆண்டுகள் ஒரே திசையில் இருந்த பாதை இரண்டு திசையும் ஆனது. அதே கம்பிதான், அதே கருவிதான். அதற்கு எப்போதுமே இந்தத் திறன் இருந்தது, அனுமதி மட்டும் இல்லை. கையில் இருந்த வன்பொருளை வைத்து மினிடிஸ்க்கை அதன் முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சம்பளம் வாங்காத இந்த ஆர்வலர்கள்தான். ஒரு பொருள்மேல் பற்று வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பாட்டு வெளியிடுகிறவர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். வேப்பர்வேவ் போன்ற மின்னிசை வகைகளில் சிறு நிறுவனங்கள் சில டஜன் பிரதிகளாக மினிடிஸ்க் ஆல்பம் வெளியிடுகின்றன. வெற்றுத் தட்டில் கையால் பதிந்து, அட்டை அச்சிட்டு, எண் போட்டு அனுப்புகிறார்கள். கேசட் வெளியீட்டைவிடத் தேய்மானம் இல்லாதது. வினைல்போல் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை.

எது முதலில் தீரும்

சோனி நிறுத்தியதால் தட்டுக்குப் பஞ்சம் வந்துவிடுமா என்றால், உடனடியாக வராது. பழைய தட்டை அழித்து எழுதலாம். ஜப்பானில் யாரோ இருபது ஆண்டுக்கு முன் பதிந்த பாட்டுகளோடு பழைய பொருள் கடைகளுக்கு வரும் தட்டுகள் ஏராளம். வாங்கியவர் எழுதுவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பது ரசிகர்களிடையே ஒரு சடங்கு மாதிரி.

கருவிகளின் நிலைமைதான் கவலை. லேசர் டையோடு வயதாக ஆகச் சக்தி குறையும். படிக்கக் குறைந்த சக்தி போதும், எழுத அதிகம் வேண்டும்; ஆகவே ஒரு ரெக்கார்டர் முதலில் எழுத மறுக்கும், சில ஆண்டுகள் பாடிக்கொண்டு மட்டும் இருக்கும். காந்தத் தலைக்கு மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிய நாடா வயர் மடிந்து மடிந்து விட்டுப்போகும். வீட்டுக் கருவிகளில் தட்டை உள்ளே இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிடும். இது சுலபமாகச் சரி செய்யக்கூடியது. எம்இசட்-ஆர்எச்1-ன் ஓஎல்இடி திரை மங்கி, கடைசியில் எழுத்தே தெரியாமல் போகும். சூயிங் கம் பட்டைபோல் தட்டையான பழைய பேட்டரிகளுக்கு மாற்று கிடைக்கிறது. பென் டார்ச் பேட்டரி போட ஏதுவாக வெளிப்பெட்டிகளை முப்பரிமாண அச்சில் வார்த்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். லேசர் மட்டும் யாராலும் வீட்டில் செய்ய முடியாதது. ஒரு கருவியைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சிங்கப்பூரிலோ லண்டனிலோ டொரன்டோவிலோ அந்தக் காலத்தில் ரெக்கார்டர் வாங்கி, தாத்தாவின் பேச்சையோ கோயில் கச்சேரியையோ பதிந்துவைத்த தட்டு உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் மூலையில் உள்ள குமிழைத் தள்ளி அழியாதபடி பூட்டிவிடுங்கள். 2001-க்குப் பின் வந்த, யுஎஸ்பி துவாரமுள்ள சோனி நெட்எம்டி கருவி ஒன்று நண்பர்களிடம் கிடைத்தால் உலாவி வழியாக அட்ராக் தரவை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேவ் கோப்பாக மாற்றிக்கொண்ட பிறகும் அந்த மூலத் தரவை அழித்துவிடாதீர்கள். அப்படிக் கருவி கிடைக்காவிட்டால், ஆப்டிகல் அவுட் உள்ள வீட்டு டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, 74 நிமிடத் தட்டை 74 நிமிடமும் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதியலாம். பெயர்கள் வராது, அவற்றைத் திரையைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்; ஒலி குறையில்லாமல் வந்துவிடும்.